ஒரட்டாங்கை

எட்டு மாநிலத்துப் பெண்கள் கிருஷ்ணகிரியில் வந்து இறங்கினோம்.
எல்லாருக்குமாகச் சேர்த்து இருபது கிளவுஸ்.
ஆடும் பக்கம் மாறும்போதெல்லாம்
புல்லில்லாத தரையில் கழற்றிப் போட்டுவிட்டு வரவேண்டும்,
எதிரிக்கு.
ஒருத்தியின் வியர்வை காயுமுன்னே
இன்னொருத்தியின் விரல்கள் உள்ளே போகும்.

அரசுப் பள்ளி மைதானம். மே மாதம்.
உச்சி சாய்ந்ததும் மாங்கூழ் ஆலையின் புளித்த வாடை
சுவரேறி வரும்.
'ஹோம்' என்று சொன்ன ஐந்து மூலைத் துண்டு
கல்குவாரி பெல்ட்டில் அறுத்த கறுப்பு ரப்பர்.
மற்ற மூன்றும் ராகிச் சாக்கு, உள்ளே தென்பெண்ணை மணல்.
இரண்டாவது சாக்கைத் தைத்தது சரியில்லை:
சறுக்கி வந்தவள் யாரானாலும்
கொஞ்சம் ஆற்றைக் கொட்டிவிட்டுத்தான் போனாள்.

வேடிக்கை பார்த்த சனத்துக்குத் தெரிந்தது கிரிக்கெட்.
பந்து பின்னால் பறந்து
பஸ் கூரையில் விழுந்தால் சிக்ஸர், விசில்.
அது ஃபவுல், கணக்கில் வராது என்று
மூன்று நாள் மைக்கில் மன்றாடிய சின்னராஜ்
நாலாம் நாள் தானும் கைதட்டினார்.

நான் மாதேஸ்வரி. பர்கூர்ப் பக்கம்.
ஒரட்டாங்கைக்காரி.
அந்தக் கையால் காசு நீட்டினால்
கடைக்காரர் பலகையைக் காட்டுவார், அங்கே வை.
தேர்வன்று அதே கையால்
மைதானக் கடைசியிலிருந்து எறிந்த பந்து
ரஹமத்துன்னிசாவின் கவசத்தில் டொப்பென்று நின்றபோது
எழுத வந்தவர் கேட்டது இவ்வளவுதான்:
"இன்னொரு தடவை."

ஆனால் இருபது கிளவுஸும்
நான் எறிகிற கைக்கே பொருந்தின.
முதல் இரண்டு ஆட்டம்
வெறும் சோத்தாங்கையில் பிடித்தேன்.
ராத்திரி சோறு பிசைய விரல் மடங்கவில்லை.
பிறந்ததிலிருந்து முதல்முறையாக
நாலு பேர் பார்க்க
மறு கையால் அள்ளித் தின்றேன்.
பரிமாறியவர் ஒன்றும் சொல்லாமல்
ரசத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி ஊற்றினார்.

எதிர் வரிசையில் பஞ்சாபின் ஹர்லீன்.
குவியலில் சேராத இருபத்தோராவது கிளவுஸ் அவளுடையது,
என்னைப் போலவே கோணல்.
என் விரல்களைப் பார்த்தாள். "கல்" என்றாள்.
சோற்றில் கல் கிடக்கிறது என்கிறாளாக்கும்,
எங்கள் தட்டிலும்தான் என்று தலையாட்டினேன்.

விடிந்ததும் அது என் மடியில் வந்து விழுந்தது.
கல் என்றால் நாளைக்கு என்று அர்த்தமாம்,
மைசூர்க்காரி ஒருத்தி சொல்லிச் சிரித்தாள்.
தோலின் உட்புறம் மையால் அவள் பேர்,
எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில்.
மணிக்கட்டில் அழுத்தி அழுத்தி
சாயங்காலம் என் தோலில் திருப்பி ஒட்டியிருந்தது.

மூன்றாம் இடத்துக்கு நாங்களும் அவர்களும்.
கடைசிச் சுற்று. சமன். இரண்டு பேர் அவுட்.
மட்டையோடு அவள்.
நடுவில், தூரத்தில், அவள் கிளவுஸோடு நான்.

பந்து சையத் பாஷா மலைக்கு மேலே போய்
வெயிலுக்குள் கொஞ்சம் காணாமல்போய்
நேராக என்னிடம் வந்தது. பிடித்தேன்.
பிடித்ததுதான்.
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே
வார் அறுந்தது.
பந்து வலையைத் தாண்டித் தோளுக்குப் பின்னால்
செம்மண்ணில் புரண்டு புரண்டு.
நான் திரும்பி எடுத்து எறிவதற்குள்
முதல் சாக்கு, ஆற்றைக் கொட்டும் சாக்கு, மூன்றாவது,
கறுப்பு ரப்பர்.

சனம் எனக்குத்தான் கைதட்டியது.
பந்து கையில் பட்டால் போதும் அவர்களுக்கு.

அவள் மூச்சு வாங்கக்கொண்டு வந்து
முதலில் பார்த்தது அறுந்த வாரை.
மாங்காய்ச் சாக்கிலிருந்து சணல் பிரித்துக் கொடுத்தேன்.
இரண்டு பேரும் ஒரட்டாங்கை,
முடிச்சு ஒரே பக்கமாகத் திரும்பியது, இடிபடாமல்.
இழுத்துப் பார்த்தாள். நின்றது.
"கல்" என்றாள், ஏதோ ஞாபகத்தில்.

ராத்திரி பதினொன்றரைக்கு
ஜோலார்பேட்டையில் அவர்களுக்கு ரயில்.